சார்ஜ் ஏறாத பழைய கார்: அறிகுறியிலிருந்து பழுதைத் தேடும் முறை

ஒரே பழைய காரில் ஒரே தொல்லையை வெவ்வேறு காரணங்களுக்காகத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய நேர்ந்ததால் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன. பேட்டரி இறங்கிவிடுவதுதான் அந்தத் தொல்லை. முதல் இரண்டு முறையும் நான் யோசிக்காமல் புதிய பேட்டரி வாங்கிப் போட்டேன். இரண்டு முறையும் பழைய பேட்டரியில் குறை எதுவும் இருக்கவில்லை; இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை, மேலே பார்க்க நன்றாக இருந்தாலும், போல்ட்டுக்கு அடியில் துருவேறித் தொடர்பை இழந்திருந்தது. அதன் பிறகு, மீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் எந்தப் பொருளையும் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே சொல்லப்படுபவை 12 வோல்ட் பேட்டரியும், நெகட்டிவ் எர்த்தும் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பது), ஆல்டர்னேட்டரும் (இன்ஜின் பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் தரும் மின்னாக்கி) உள்ள, சார்ஜைக் கணினி கட்டுப்படுத்தாத பழைய கார்களுக்குப் பொருந்தும். ஆல்டர்னேட்டருக்கு முந்திய மின்னாக்கியான டைனமோ உள்ள இன்னும் பழைய கார்களுக்குக் கடைசியில் சில வரிகள் தனியாக உள்ளன. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச் விளக்கு, இரண்டு மூன்று ஸ்பேனர்கள், உப்புத்தாள், கம்பித் தூரிகை ஆகியவை போதும்.

கை வைக்கும் முன்

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதன் அருகே தீயோ தீப்பொறியோ கூடாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் தடித்த ஒயர் மாட்டப்பட்டிருக்கும் பி பிளஸ் முனை சாவியை எடுத்த பிறகும் நேராகப் பேட்டரியுடன் இணைந்தே இருக்கும் என்பதால், அதில் ஸ்பேனர் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, 'இன்ஜின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது' என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் அப்படிச் செய்தால், அந்தக் கணத்தில் மின்னழுத்தம் தாறுமாறாக உயர்ந்து டயோடுகளையும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை) ரெகுலேட்டரையும் (சார்ஜ் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது) எரித்துவிடக்கூடும். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர் அந்தச் சோதனையாலேயே கெட்டுப்போவதும் உண்டு.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று அளவுகள்

முதல் அளவு, கார் இரவு முழுவதும் நின்ற பிறகு, சாவி போடாமல், பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே எடுக்க வேண்டியது. 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது; 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். காத்திருக்க முடியாவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் கழித்து அளக்கலாம்.

இரண்டாவது அளவு, ஒருவர் சாவியைத் திருப்பி இன்ஜினைச் சுழற்றும்போது மற்றவர் மீட்டரைப் பார்த்து எடுக்க வேண்டியது. கடும் குளிரில்லாத நாளில் மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

மூன்றாவது அளவு, இன்ஜின் ஓடும்போது ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி, நிமிடத்துக்கு 1500 சுற்று அளவில் வைத்துக்கொண்டு, மறுபடி பேட்டரி முனைகளில் எடுப்பது. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13.5 அளவில் நிற்க வேண்டும்.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் காரின் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: ஓட்டும்போது குறையில்லை, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

மூன்றாவது அளவு சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்ல இடமில்லை. பேட்டரி வாங்கிய சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை, அல்லது இரவில் ஏதோ ஒன்று அதைக் குடித்துவிடுகிறது, அல்லது இருக்கும் சார்ஜ் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியில் சொன்னதே எளியது என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

முனையும் பிடியும்

பேட்டரியின் ஈய முனையையும் அதைக் கவ்வும் பிடியையும் கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், நெகட்டிவை முதலிலும் பாசிட்டிவை அடுத்தும் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, கம்பித் தூரிகையால் இரண்டு பரப்புகளும் மினுங்கும்வரை தேய்த்து, மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். சோடா நீர் செல்களின் மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது.

பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் பிடியும் ஏமாற்றும். மீட்டரின் ஒரு முள்ளை ஈய முனையின் நடுவிலும் மற்றொன்றை அதே முனையைக் கவ்விய பிடியிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுழியத்தை ஒட்டியே காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த இடத்திலேயே மின்சாரம் தடுக்கப்படுகிறது. இதே சோதனையை நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினின் வெறும் உலோகத்துக்கும் இடையே செய்தால் எர்த் பட்டையின் நிலை தெரிந்துவிடும். என் இரண்டு பேட்டரிகளும் வீணானது இந்த ஒரு நிமிடச் சோதனை தெரியாததால்தான்.

இரவில் சார்ஜைக் குடிப்பது எது

நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய ஒயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே அதை இணைத்துவிட்டால், நின்றுகொண்டிருக்கும் கார் இழுக்கும் மின்னோட்டம் தெரியும். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் அப்போதே போய்விடும். கதவு விளக்கு எரியாதபடி கதவுகளை மூடி, பத்து இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

கடிகாரமும் ரேடியோ நினைவகமும் மட்டும் உள்ள பழைய காரில் 20, 30 மில்லி ஆம்பியர் இயல்பானது. 50-க்கு மேல் போனால் தேட வேண்டும். அரை ஆம்பியர், அதாவது 500 மில்லி ஆம்பியர், இழுக்கும் காரில் 45 ஆம்பியர் மணி பேட்டரி (ஓர் ஆம்பியரை ஏறத்தாழ 45 மணி நேரம் தரும் கொள்ளளவு உள்ளது) இரண்டு நாளுக்குள் பாதியாகிவிடும். மறுபுறம், எந்தப் பழுதும் இல்லாத 30 மில்லி ஆம்பியரே ஒரு மாதத்தில் ஏறத்தாழ 21 ஆம்பியர் மணியைத் தின்றுவிடும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் கார் செல்ஃப் எடுக்காமல் போவதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. நிறுத்தும்போதே நெகட்டிவைக் கழற்றி வைப்பதுதான் அதற்கு வழி.

அளவு கூடுதலாக இருந்தால், மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். எந்த ஃபியூஸைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. டிக்கி விளக்கு, டேஷ்போர்டு அறையின் விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே, பிறகு பொருத்திய ஸ்டீரியோவும் ஹாரனும் என்பவையே பெரும்பாலும் அகப்படும். எல்லா ஃபியூஸ்களையும் பிடுங்கிய பிறகும் எண் இறங்காவிட்டால், ஃபியூஸ் வழியாகப் போகாத ஆல்டர்னேட்டரின் மேல்தான் சந்தேகம் திரும்பும். நெகட்டிவைக் கழற்றி, பி பிளஸ் ஒயரை எடுத்து அதன் நுனியைத் துணியால் நன்றாகச் சுற்றிவிட்டு மறுபடி அளந்தால், எண் விழுந்தால் உள்ளே ஒரு டயோடு ஓட்டையாகியிருக்கிறது. சில மணி நேரம் நின்ற காரின் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பதும் இதே பழுதைத்தான் காட்டும்.

பேட்டரியே தளர்ந்திருந்தால்

வெளிச் சார்ஜரில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, எல்லா ஒயர்களையும் கழற்றி, ஓர் இரவு தனியாக வையுங்கள். காலையில் 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி சார்ஜைப் பிடிக்கவில்லை. 12.6 இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால், வோல்ட் இருக்கிறது, வலு இல்லை என்று பொருள். 10.5 வோல்ட்டை ஒட்டி நின்று எவ்வளவு சார்ஜ் போட்டாலும் மேலே ஏறாத பேட்டரியில் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது.

மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால் ஹைட்ரோமீட்டர் இதைத் தெளிவாகவே காட்டிவிடும். நிறைந்த செல்லில் அமிலத்தின் அடர்த்தி எண் 1.265 அளவில் இருக்கும். ஒரு செல்லுக்கும் மற்றொன்றுக்கும் 0.050 வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற முடியாது. தகடுகள் மூழ்காமல் தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றக் கூடாது.

அறிகுறி: இன்ஜின் ஓடும்போதும் சிவப்பு பேட்டரி விளக்கு முழு ஒளியுடன் எரிகிறது

வழியில் இது நேர்ந்தால் உடனே வெப்பமானியைப் பாருங்கள். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. அந்த பெல்ட் அறுந்து ஓட்டிக்கொண்டே போனால் சார்ஜ் கோளாறு இன்ஜின் கோளாறாகிவிடும். பெல்ட் அறுந்திருந்தால் காரை நிறுத்திவிட வேண்டும். பெல்ட் முழுதாக இருந்து இன்ஜினும் சூடேறவில்லை என்றால் தேவையற்ற மின்சாதனங்களை எல்லாம் அணைத்துவிட்டு, இடையில் இன்ஜினை நிறுத்தாமல், வீட்டையோ பட்டறையையோ அடைந்துவிடலாம். நிறைந்த 45 ஆம்பியர் மணி பேட்டரி பகலில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும் பெட்ரோல் காரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று நம்ப வேண்டாம். இரவில் ஹெட்லைட் மட்டுமே கூடுதலாக 9 ஆம்பியர் கேட்கும்.

முதலில் பெல்ட்

இன்ஜினை நிறுத்தி, இரண்டு புல்லிகளுக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். வி வடிவ பெல்ட் 10 முதல் 12 மில்லி மீட்டர் வரை உள்வாங்குவது சரி. அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் தண்ணீர் பம்பின் பேரிங்கும் சீக்கிரம் தேயும். பெல்ட்டின் பக்கவாட்டுகள் கண்ணாடிபோல் பளபளத்தால், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், மாற்றிவிடுவதே நல்லது. புல்லி இறுகிச் சுழலாமல் நின்றதால் பெல்ட் எரிந்திருக்கவும் கூடும். ஆகவே புதிய பெல்ட் போடும் முன் எல்லாப் புல்லிகளையும் கையால் சுழற்றிப் பாருங்கள்.

அடுத்து ஃபியூஸும் ஒயரும்

ஃபியூஸ் பெட்டியில் ஆல்டர்னேட்டருக்கோ சார்ஜுக்கோ உரிய ஃபியூஸ் இருந்தால் அதைப் பிடுங்கி, மீட்டரால் தொடர்பு பாருங்கள். கண்ணால் பார்ப்பது போதாது. பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையே உருகு இணைப்பு ஒயர் உள்ள கார்களில் அதை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே உருகியிருந்தால் மேலுறை ரப்பர்போல் நீளும்.

பிறகு, இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயரை, அதாவது டி பிளஸ் அல்லது எல் என்று குறிக்கப்பட்ட முனையின் ஒயரை, கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த ஒயர் எங்கோ உரசி, உறை கிழிந்து, பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆல்டர்னேட்டரைத் தொடவே தேவையில்லை. சிலென்சர் பைப்புக்கு அருகிலும், பேட்டரித் தட்டின் ஓரத்திலும், தகரத் தடுப்பைத் துளைத்துப் போகும் இடத்திலும் தேடுங்கள்.

கடைசியில் ஆல்டர்னேட்டர்

பெல்ட்டும் ஃபியூஸும் ஒயரும் சரியாக இருந்து, மூன்றாவது அளவு 12.6-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் பழுது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிறது. முழு ஆல்டர்னேட்டரையும் வாங்கிவிடாதீர்கள். ரெகுலேட்டரும், சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷும் ஒரே துண்டாக, பின்புறத்தில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் வகைகள் பல உண்டு. நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு அதை வெளியே எடுத்து, பிரஷ் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 5 மில்லி மீட்டருக்குக் குறைந்திருந்தால் அது தேய்ந்தது. அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் ஆல்டர்னேட்டர் பல ஆண்டுகள் ஓடும். துளை வழியாக டார்ச் அடித்து, பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்குகளையும் பாருங்கள்: கறுத்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் துடைக்கலாம், ஆழமாகக் குழி விழுந்திருந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ரோட்டர் (சுழலும் சுருள்), ஸ்டேட்டர் (அதைச் சுற்றி நிலையாக நிற்கும் சுருள்), டயோடுத் தட்டு ஆகியவை எரிந்ததை உறுதிசெய்வதும் மாற்றுவதும் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை.

அறிகுறி: சாவியைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியவே இல்லை

பலர் இதை அறிகுறியாகவே எண்ணுவதில்லை. விளக்கு எரியாதது நல்லதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். பல பழைய ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கான முதல் மின்னோட்டத்தை அந்தப் பல்பின் வழியாகவே பெறுகின்றன. பல்பு எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் உறங்கிக்கிடக்கும். ஆக்சிலேட்டரை ஒருமுறை பலமாக அழுத்திய பிறகு சட்டென்று 14 வோல்ட்டுக்கு ஏறி, அதன் பின் ஒழுங்காக ஓடினால், இந்தக் கதைதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

சாவி போட்ட நிலையில் டி பிளஸ் ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜினின் வெறும் உலோகத்தில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் நலம். பிரஷ் தேய்ந்தோ ரெகுலேட்டர் கெட்டோ இருக்கிறது. எரியாவிட்டால் பல்பு, அதன் ஹோல்டர், டேஷ்போர்டின் பின்புற இணைப்பு, ஒயர் என்ற வரிசையில் பாருங்கள். தொடும் ஒயர் மெல்லிய விளக்கு ஒயர்தான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். தடித்த பி பிளஸ் ஒயரை இப்படித் தொட்டால் நெருப்புப் பறக்கும்.

மாற்றும் பல்பு பழையதன் வாட் அளவிலேயே, பெரும்பாலும் 2 அல்லது 3 வாட்டில், இருக்க வேண்டும். டேஷ்போர்டு முழுவதையும் எல்இடிக்கு மாற்றும் ஆசை பலருக்கு உண்டு. இந்த ஒரு பல்பை மட்டும் விட்டுவிடுங்கள். எல்இடி வழியே போகும் மின்னோட்டம் மிகச் சிறியது. விளக்கு அழகாக எரியும், ஆல்டர்னேட்டர் எழாது.

அறிகுறி: விளக்கு அணைந்தும் அணையாமலும் மங்கலாக எரிகிறது

பகலில் இது கண்ணுக்குப் படாது. இருட்டில் ஓட்டும்போது சிவப்பாக ஒரு சாயல் தெரியும். வேகம் கூடக்கூடச் சற்றுப் பிரகாசிக்கவும் செய்யும். மீட்டர் 13.5 அளவில் காட்டுவதால் சார்ஜ் இருக்கிறதே என்று தோன்றும்.

அந்தப் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால்தான் அது முழுதாக அணையும். ஆகவே எங்கோ ஒரு பக்கத்தில் வோல்ட் இழப்பு இருக்கிறது. எளிய காரணம் இணைப்புகள்: சாவி சுவிட்சுக்குப் போகும் ஒயர், ஃபியூஸ் பிடி, பி பிளஸ் ஒயரின் இரண்டு நுனிகள். இன்ஜினை 1500 சுற்றில் ஓடவிட்டு, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, மீட்டரின் ஒரு முள்ளை பி பிளஸ் முனையிலும் மற்றொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையே இதையே செய்தால் 0.2-க்குள் இருக்க வேண்டும். பெல்ட்டும் சுழலும் விசிறியும் அருகிலேயே இருப்பதால் மீட்டர் ஒயர்களையும் சட்டைக் கையையும் கவனமாக ஒதுக்கி வையுங்கள்.

இணைப்புகள் சுத்தமாக இருந்தால் டயோடு. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால், நல்ல ஆல்டர்னேட்டரில் மிகச் சிறிய எண்தான் வரும், 0.5-க்கு மேல் போனால் டயோடு போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்பதும் இதற்குத் துணைச் சாட்சி. சாவியை எடுத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தால் வேறு சாட்சியே வேண்டாம். ஒரு பாசிட்டிவ் டயோடு ஷார்ட் ஆகிவிட்டது. அன்றிரவே நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: விளக்கு ஒழுங்காக அணைகிறது, ஆனாலும் பேட்டரி நிறைவதில்லை

மூன்றாவது அளவு 13-ஐ ஒட்டித் தள்ளாடுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், முந்தைய பகுதியில் சொன்ன இரண்டு வோல்ட் இழப்புச் சோதனைகளையும் செய்யுங்கள். இந்த அறிகுறியில் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் பிடிபடுகிறது. பி பிளஸ் முனையில் 14.3, பேட்டரியில் 13.2 என்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது; ஒயர்தான் நடுவில் விழுங்குகிறது. இரண்டிலுமே குறைவாக இருந்தால் பெல்ட் வழுக்கல், தேய்ந்த பிரஷ், ரெகுலேட்டர் என்ற வரிசையில் போகலாம்.

அளவு 14.2 இருந்தும் பேட்டரி நிறையாவிட்டால் கணக்குப் போட வேண்டியது மின்சாரத்தின் வரவு செலவை. பழைய சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர்கள் 35, 45 ஆம்பியர் தரக்கூடியவை. அதுவும் ஐடிலில் அல்ல, வேகத்தில். ஹெட்லைட்டுக்கு 9 ஆம்பியர், ரேடியேட்டர் விசிறிக்கு 10-க்கு மேல், புளோயருக்கு 10, இவற்றோடு பிறகு பொருத்திய பனி விளக்குகளும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தால், நெரிசலில் ஊர்ந்து செல்லும் இரவுப் பயணத்தில் செலவே மிஞ்சும். ஐடிலில் ஹெட்லைட் சற்று மங்கி, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் தெளிவது அந்தக் காலத்துக் கார்களின் இயல்பு. அதற்காக எதையும் மாற்ற வேண்டாம். தினமும் ஐந்து நிமிட ஓட்டம் மட்டுமே உள்ள காரிலும் செல்ஃப் எடுத்த சார்ஜ் திரும்பி வராது.

முற்றிலும் இறங்கிய பேட்டரியை நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டரிடம் விடுவதை நான் தவிர்க்கிறேன். நீண்ட நேரம் முழு வலுவில் ஓடும்போது அது கடுமையாகச் சூடேறும். 45 ஆம்பியர் மணி பேட்டரியை வெளிச் சார்ஜரில் 4.5 ஆம்பியரில் ஓர் இரவு வைப்பதே இரண்டுக்கும் நல்லது. செல் செத்த பேட்டரியோடு புதிய ஆல்டர்னேட்டரை மாட்டினால் அந்தப் புதியதும் அதே காரணத்தால் வாடிப்போகும்.

அறிகுறி: பல்புகள் அடிக்கடி எரிந்துபோகின்றன, பேட்டரி கொதிக்கிறது

அழுகிய முட்டை நாற்றம், மாதந்தோறும் குறையும் பேட்டரித் தண்ணீர், முனைகளைச் சுற்றி ஈரம், வேகத்தில் மிகையாகப் பிரகாசிக்கும் ஹெட்லைட் ஆகியவை இதன் கூட்டாளிகள். மூன்றாவது அளவு 14.8-ஐத் தாண்டினால் ஏதோ தவறு. 15-ஐத் தாண்டினால் அந்தக் காரை ஓட்டக் கூடாது. வேறு வழியில்லாமல் வீடு சேர வேண்டுமானால், ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டுச் சுமையை ஏற்றி, இன்ஜின் வேகத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

ரெகுலேட்டர் தனிப் பெட்டியாகப் பாடியில் பொருத்தப்பட்ட காரானால், அதன் அடியிலுள்ள எர்த்தைக் கழற்றித் தேய்த்து மாட்டுவதே முதல் வேலை. ரெகுலேட்டர் எர்த்தை இழந்தால், பேட்டரியின் வோல்ட் குறைவாக இருக்கிறது என்று ஏமாந்து மேலும் மேலும் ஏற்றிவிடும். பேட்டரி வோல்ட்டை உணரும் மெல்லிய எஸ் ஒயர் உள்ள கார்களில், அது அறுந்தாலோ அதன் ஃபியூஸ் பிடியில் உப்புப் பூத்தாலோ அதே கதைதான். இவை சரியாக இருந்தால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் போட முயலாமல், கண்ணையும் கையையும் காத்துக்கொண்டு கழற்றிக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள்.

அறிகுறி: ஆல்டர்னேட்டர் பக்கத்திலிருந்து சத்தம்

செல்ஃப் எடுத்தவுடன் கீச்சிட்டுச் சில நொடிகளில் அடங்கினால் பெல்ட். தொடர்ந்து உறுமினால் பேரிங்: பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுழற்றுங்கள், கரகரத்தாலோ மேலும் கீழும் ஆடினாலோ உறுதி. பெல்ட் இல்லாமல் சுழற்றும்போது அமைதியாக இருந்து, சார்ஜ் ஏறும்போது மட்டும் ஊளையிட்டால் டயோடு அல்லது ஸ்டேட்டர். பேரிங்கை மாற்றக் கழற்றும்போதே பிரஷையும் மாற்றிவிடச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான்.

டைனமோ உள்ள கார்கள்

1960-களின் தொடக்கம்வரையும், சில கார்களில் அதன் பின்னும், டைனமோவும் தனி ரெகுலேட்டர் பெட்டியும் இருந்தன. அவற்றில் ஐடிலில் சிவப்பு விளக்கு மினுக்குவது பழுதல்ல. மேலே சொன்ன வோல்ட் அளவுகளையும் எல் முனைச் சோதனைகளையும் அப்படியே அவற்றில் பயன்படுத்த வேண்டாம். சில கார்களில் பாசிட்டிவ் முனையே எர்த் ஆக இருக்கும் என்பதால், ஒயர் மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். பெல்ட், பேட்டரி முனை, எர்த் ஆகிய மூன்றையும் நீங்களே பார்க்கலாம். ரெகுலேட்டர் பெட்டியின் தொடுமுனைகளை அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

எலக்ட்ரீஷியனை எப்போது அழைப்பது

ஒயர் உறை உருகிய நாற்றமோ புகையோ வந்தால் அப்போதே நெகட்டிவைக் கழற்றிவிட்டு அழையுங்கள். வேறொரு காரிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பும்போது பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போயிருந்தால், இன்ஜின் ஓடினாலும் டயோடுகளைச் சோதித்தே ஆக வேண்டும். வோல்ட் இழப்புச் சோதனைகள் சரியாக இருந்தும் அளவு 13.5-க்கு ஏறாதபோதும், எல்லா ஃபியூஸ்களையும் பிடுங்கி ஆல்டர்னேட்டரையும் விலக்கிய பிறகும் கசிவு தொடரும்போதும் வீட்டில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ரெகுலேட்டரைத் தாண்டி நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் சோதனையை அவர்கள் பட்டறையில் செய்வார்கள். பார்த்துப் பழகிய கை இல்லாமல் அதைச் செய்தால் மின்னழுத்தம் கைமீறிப் போகும்.

போகும்போது 'சார்ஜ் ஏறவில்லை' என்று மட்டும் சொல்லாமல், எழுதி வைத்த தாளைக் கொடுங்கள்: நின்ற வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட், ஓடும் வோல்ட், பி பிளஸ் பக்கத்து இழப்பு, எர்த் பக்கத்து இழப்பு, நின்ற காரின் மில்லி ஆம்பியர். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கார் திரும்பி வந்த அன்றே அதே ஆறு அளவுகளையும் மறுபடி எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, டேஷ்போர்டு அறையிலேயே வையுங்கள்.